எந்த ஊருக்கு, எந்த நாளில் பார்சல்?

(கீழக்கரை, எங்கள் குடும்பக் குழு. லாத்தா என் அக்கா, சாச்சா என் சித்தப்பா)

நான்: கோவா சைக்கிள் பயணம் உறுதி. சாயல்குடி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, அப்புறம் முழுக்க 66-ஆம் எண் நெடுஞ்சாலை. ஜனவரி 16 வெள்ளி கிளம்புகிறேன், நாளுக்கு 80 கிலோமீட்டர். எல்லாவற்றையும் சுமந்து மிதிக்க முடியாது. பாதியை லாத்தா தபாலில் அனுப்ப வேண்டும்.

லாத்தா: அனுப்புகிறேன். என்னென்ன, எங்கே?

நான்: கொச்சிக்கு வேண்டாம், அங்கே பெரிய சைக்கிள் கடைகள் உண்டு. கண்ணூருக்கு ஒன்று: இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயின் லிங்க், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன்.

லாத்தா: டியூப் எந்தக் கடையிலும் கிடைக்குமே தம்பி?

நான்: சின்ன ஊர்க் கடைகளில் நம் பழைய சைக்கிளுக்கான டியூப்தான் இருக்கும். அதன் வால்வு தடிமன், என் ரிம் ஓட்டைக்குள் நுழையாது. எனக்கு மெல்லிய பிரெஸ்டா வால்வு வேண்டும், டயர் அளவு 700க்கு 32. வேறு எது மாறினாலும் இது மாறக்கூடாது லாத்தா.

உம்மா: தொதல் இனிப்பு கிண்டி வைக்கிறேன். நெத்திலிக் கருவாடும் போடவா?

மாமா: கருவாடு வேண்டாம் தங்கச்சி. 31 வருடம் தபாலில் இருந்தவன் சொல்கிறேன். பை முழுக்க வாடை ஏறிவிடும், அதே பையில் மற்றவர்கள் சாமானும் போகிறது. தொதல் போடு, எண்ணெய் கசியாமல் இரண்டு உறை. சொல்யூஷனும் கூடாது, தீப்பிடிக்கும் பொருள். பவர் பேங்க்கையும் நீயே கொண்டு போ.

நான்: சரி மாமா. பசை தடவிய ஒட்டு வாங்கிக்கொள்கிறேன்.

லாத்தா: ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பட்டுமா மாமா?

மாமா: அது 2025-லேயே ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீட் போஸ்ட்டே போடு. உறையில் அவன் பெயர், போன் நம்பர், "போஸ்ட் ரெஸ்டாண்ட், தலைமை அஞ்சலகம், கண்ணூர் 670001" என்று எழுது. வீட்டு முகவரி இல்லாதவர் நேரில் வந்து வாங்குவதற்கு இதுதான் வழி. அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், திருப்பிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே அனுப்பிவிடாதே.

மாமா: இரு, கண்ணூர் இங்கிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர். 16 கிளம்பினால் 25 போய்ச் சேருவாய். அது ஞாயிறு. மறுநாள் 26, குடியரசு தினம். இரண்டு நாளும் அஞ்சலகம் பூட்டு!

நான்: ஐயோ, இதை நான் பார்க்கவே இல்லை.

மாமா: புதன் 14 கிளம்பு. வெள்ளி 23 சேருவாய். பஞ்சர், உடம்பு வலி என்று ஒரு நாள் போனாலும் சனி இருக்கிறது. லாத்தா 17 சனி இங்கே போட்டால் போதும்.

உம்மா: இரண்டு நாள் முன்னாலேயா?

நான்: நோன்புக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுவேன் உம்மா. வாடைக்காற்றும் தூத்துக்குடி வரை முதுகில் தள்ளும்.

சாச்சா: கர்நாடகாவில் பட்கல் அந்தச் சாலையில்தானே? துபாயில் என்னோடு இருந்த கூட்டாளி அங்கே துணிக்கடை வைத்திருக்கிறான். இரண்டாவது பார்சலை அவன் கடைக்கே அனுப்பு. ஞாயிறு, விடுமுறை என்ற கவலை இல்லை, இரவு தங்கவும் இடம் கிடைக்கும்.

நான்: இதற்கு மேல் என்ன வேண்டும் சாச்சா! டயர் ஒன்றும் மாற்று உடுப்பும் அங்கே போகட்டும்.

லாத்தா: டியூப் பெட்டியைப் போட்டோ எடுத்து இங்கே போடு தம்பி. அதைக் காட்டியே வாங்குகிறேன்.

உம்மா: தொதல் இரண்டு பார்சலிலும் போகும்.