கொரோனா காலத்துல எல்லாரும் வீட்லயே படம் பாத்தோம், அந்த டிக்கெட் காசு உண்மையில எங்க போச்சு?

திரைவெளிச்சம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்குற கேள்வி இது. போன வாரம் தம்பியோட பேசிட்டு இருந்தப்போ பெரிய வாக்குவாதமாவே ஆயிருச்சு. அவன் என்ன சொல்றான்னா, 2020ல தியேட்டர் எல்லாம் மூடுனப்போ ஜனங்க படம் பாக்குறத ஒன்னும் நிறுத்தல, வீட்ல உக்காந்து பாத்தாங்க, அதுக்கும் காசு கட்டித்தான் பாத்தாங்க, அப்போ சினிமாவுக்கு வர வேண்டிய காசு சினிமாவுக்கே வந்துருச்சு, இந்தப் பாக்கெட்ல இருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாறுச்சு அவ்ளோதான், இதுக்குப் போயி பொருளாதாரமே போச்சுன்னு ஏன் கத்துறீங்கங்கறான். எனக்கு இது தப்புன்னு உள்ளுக்குள்ள படுது, ஆனா எங்க தப்புன்னு சொல்ல வரல.

நான் சின்ன வயசுல இருந்து போயிட்டு இருந்த தியேட்டர் ஒன்னு, மூடுச்சு, திறந்துச்சு, மறுபடி மூடுச்சு, அப்புறம் திறக்கவே இல்ல. அங்க டிக்கெட் கிழிச்சுக் குடுக்குற ஒருத்தர் இருப்பாரு, எத்தனையோ வருஷமா அதே ஆள். லேட்டா போனா டார்ச்ச தரையோட தரையா அடிச்சு, பக்கத்துல பாத்துட்டு இருக்குற யார் கண்ணுலயும் படாம நம்ம சீட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போவாரு. அவரு இப்ப என்ன பண்றாருன்னு தெரியல. மாசாமாசம் நான் கட்டுற சந்தாவுல அவருக்கு ஒரு காசு கூட போயிருக்காது, அது மட்டும் தெரியும்.

தொழில் தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் விளக்குங்க. காசு நிஜமாவே இடம் மாறுச்சா, இல்ல காணாமலே போச்சா? வீட்ல பாக்குறது தப்பா?


கணக்குப்புள்ள எழுதியது:

ப்ரோ, உங்க தம்பி சொல்றதுல பாதி சரி, அந்தப் பாதிய முதல்ல ஒத்துக்கலாம். 2019ல உலகம் முழுக்க தியேட்டர் டிக்கெட் வசூல் சுமார் 4,200 கோடி டாலர். 2020ல அது 1,200 கோடி பக்கம் விழுந்துருச்சு. அதே வருஷம் உலகம் முழுக்க ஓடிடி சந்தா எண்ணிக்கை முதல் தடவையா 100 கோடிய தாண்டுச்சு, நெட்ஃபிளிக்ஸ் மட்டும் வருஷக் கடைசில 20 கோடிக்கு மேல. ஆக காசு அந்தப் பக்கம் போனது நிஜம்.

ஆனா போன காசு அதே ஆளுங்க கைக்குப் போச்சாங்கறதுதான் கேள்வி. தியேட்டர்ல ஒரு டிக்கெட் வித்தா பொதுவா ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்கு, பாதி படக் கம்பெனிக்கு. 2020 ஏப்ரல் 10ஆம் தேதி யூனிவர்சல்ங்கற ஹாலிவுட் படக் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர் படத்த நேரா வீட்டுக்கே விட்டாங்க, 48 மணி நேர வாடகை 19.99 டாலர். மூணே வாரத்துல கிட்டத்தட்ட 10 கோடி டாலர் வந்துச்சுன்னு செய்தி வந்துச்சு. இதுல கவனிக்க வேண்டியது, வீட்டு வாடகைல சுமார் 80 சதவீதம் படக் கம்பெனிக்கே வந்துருது. அப்படின்னா தியேட்டர்ல வர்றத விட கம்மியா வசூல் ஆனாலும் அவங்க கைல நிக்குற தொகை கம்மியாகாது. நடுவுல அடிபட்டது தியேட்டரோட அந்தப் பாதிதான். அந்தப் பாதிலதான் நீங்க சொன்ன டார்ச் அடிக்கிறவரு சம்பளம், கட்டட வாடகை, கரன்ட் பில், துப்புரவு பண்றவங்க கூலி எல்லாம் இருந்துச்சு.

இன்னொன்னு, தியேட்டர்ல தலைக்கு ஒரு டிக்கெட். வீட்ல வீட்டுக்கு ஒரு டிக்கெட், அஞ்சு பேரு சோபால உக்காந்தாலும் அதே வாடகைதான். பாக்குற குடும்பத்துக்கு அது மிச்சம், நான் அத குறை சொல்லல, ஆனா மொத்தமா தொழிலுக்குள்ள வர்ற காசு சுருங்குது, தம்பி கணக்குல இது விட்டுப் போச்சு.

யூனிவர்சல் பண்ணதுக்கு அமெரிக்காவுல நெறைய தியேட்டர் வச்சிருக்குற ஏஎம்சி கம்பெனிக்காரங்க உங்க படம் எதையும் இனிமே போட மாட்டோம்னு அறிக்கை விட்டாங்க, ஆனா ஜூலை மாசமே ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டுட்டாங்க. 17 நாள் தியேட்டர்ல ஓடுனா போதும், அப்புறம் வீட்டுக்கு வாடகைக்கு விடலாம், அந்த வாடகைல தியேட்டருக்கும் ஒரு பங்கு. அதுக்கு முன்னாடி அந்த இடைவெளி ரெண்டரை மூணு மாசம் இருந்துச்சு. என்ன கேட்டா கொரோனால போன பெரிய சொத்து அந்த இடைவெளிதான். வசூல் நஷ்டம் வரும் போகும், இடைவெளி திரும்பி வர்றது கஷ்டம். 2020 டிசம்பர்ல வார்னர் பிரதர்ஸ் அடுத்த வருஷப் படம் 17ஐயும் அமெரிக்காவுல தியேட்டர்லயும் ஹெச்பிஓ மேக்ஸ்ங்கற அவங்க ஓடிடிலயும் ஒரே நாள்ல விடுறோம்னு சொன்னப்போ அந்த இடைவெளி பூஜ்யமே ஆயிருச்சு.

வசூல்ல பங்குன்னு ஒப்பந்தம் போட்ட நடிகர்களும் இதுல மாட்டுனாங்க. ஸ்கார்லெட் ஜோஹான்சன் 2021 ஜூலைல டிஸ்னி மேல கேஸ் போட்டது இதுக்குத்தான், பிளாக் விடோ படத்த தியேட்டர்ல விட்ட அதே நாள்ல வீட்டுக்கும் விட்டதால தன் பங்கு அடிபட்டுச்சுன்னு. செப்டம்பர்ல சமரசம் ஆச்சு. அவ்ளோ பெரிய நடிகைக்கே வக்கீல் வச்சுத்தான் கேக்க முடிஞ்சுச்சு, பேரு கடைசில ஓடுற டெக்னீஷியன் எங்க போயி கேப்பாரு?


ப்ரொஜக்டர்_ரூம் எழுதியது:

நான் அந்த ரூம்ல வேலை பார்த்தவன், அதனால எழுதுறேன். மூடுன தியேட்டர்னா பூட்டிட்டு சாவிய எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. அப்படி இல்லங்க.

டிஜிட்டல் ப்ரொஜக்டரோட சேர்ந்து ஒரு சர்வர் போர்டு இருக்கும், அதுக்குள்ள ஒரு சின்ன பேட்டரி. படத்த திருட்டுத்தனமா எடுக்க முடியாத மாதிரி பாதுகாக்குற சர்டிஃபிகேட் எல்லாம் அந்த பேட்டரி உயிர்ல நிக்குது. ரொம்ப நாள் கரன்ட் குடுக்காம விட்டா பேட்டரி இறங்கி சர்டிஃபிகேட் அழிஞ்சுரும், அப்புறம் போர்டையே கழட்டி அனுப்பணும், இல்ல புதுசு வாங்கணும், ரெண்டுமே பெரிய செலவு. அதனால மூடியிருந்த மாசம் பூரா வாரத்துக்கு ஒரு தடவை நான் ஒருத்தன் மட்டும் போயி எல்லா ஸ்கிரீனையும் ஆன் பண்ணி வைப்பேன். லாம்ப் எரியும், காலி சீட்டு மேல வெளிச்சம் விழும், படம் கெடையாது, வெறும் டெஸ்ட் பேட்டர்ன். கூடவே ஏசியும் கொஞ்ச நேரம் ஓடணும், இல்லன்னா கார்பெட்லயும் சீட் துணிலயும் பூஞ்சை புடிச்சுரும். ஒரு டிக்கெட் விக்காத நாள்லயும் மீட்டர் ஓடிட்டே இருக்கும்.

அந்த சர்வர்ல மார்ச் மாசம் ஏத்துன படம் அப்படியே கெடந்துச்சு. முழுப் படமும் இருக்கு, ஆனா ஓட்ட முடியாது. ஏன்னா ஒவ்வொரு படத்துக்கும் கேடிஎம்னு ஒரு கீ வரும், எந்தத் தேதி எந்த நேரத்துல இருந்து எது வரைக்கும், எந்த சர்வர்லன்னு அதுல எழுதியிருக்கும். அது காலாவதி ஆயிருச்சு. லாபில ஒட்டுன போஸ்டர்ல ரிலீஸ் தேதி மார்ச்னே இருந்துச்சு, யாரும் கிழிக்கல, எனக்கும் கை வரல.

எங்க ஓனர் கெட்டவரு இல்ல, முதல் மூணு மாசம் எல்லாருக்கும் பாதி சம்பளம் குடுத்தாரு. டிஜிட்டலுக்கு மாறுனப்போ வாங்குன கடன் அப்பவும் ஓடிட்டு இருந்துச்சு, பேங்க் தவணைய தள்ளி வச்சாங்க, தள்ளுபடி பண்ணல. அப்புறம் அவரால முடியல. கேன்டீன்ல நின்ன பொண்ணுங்கதான் முதல்ல போனாங்க. கேன்டீன பத்தி ஒன்னு சொல்லணும், டிக்கெட்ல வர்ற காசு பாதி வெளிய போயிரும், பாப்கார்ன்ல வர்றது முழுசா தியேட்டர்காரருக்கு. தியேட்டரோட உயிர் நிக்கிறது அந்தக் கவுண்டர்லதான், சம்பளம் கம்மியா வாங்குன பொண்ணுங்கதான் அந்தக் கவுண்டர்ல நின்னாங்க.

பெரிய கம்பெனிக்கே முடியல. சினிவேர்ல்டு 2020 அக்டோபர்ல அமெரிக்காவுல 536 ரீகல் தியேட்டர், பிரிட்டன்ல 127 தியேட்டர், எல்லாத்தையும் ஒரே நேரத்துல மூடுனாங்க, சுமார் 45,000 பேரு வேலைய பாதிச்சுச்சு. நோ டைம் டு டைங்கற ஜேம்ஸ் பாண்ட் படத்த மறுபடி தள்ளி வச்சதுதான் உடனடி காரணம். ஒரே ஒரு பெரிய படம் தள்ளிப் போனா அவ்ளோ கதவு சாத்துது. நோயும் வீட்டுத் திரையும் மட்டும் எங்கள அடிக்கல. திறந்து வச்சாலும் போட படம் இல்லாமப் போனதுதான் கடைசி அடி. 2022 செப்டம்பர்ல அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கே போச்சு.


ஜன்னலோரம் எழுதியது:

ப்ரொஜக்டர்_ரூம் அண்ணா, நீங்க எழுதுனத படிச்சு மனசு கனத்துப் போச்சு. ஆனா எங்க பக்கத்தையும் சொல்லணும்.

எங்கப்பாவுக்கு நுரையீரல் பிரச்சனை. தியேட்டர் திறந்தப்புறமும் எங்க வீட்ல யாரும் ரெண்டு வருஷம் ஒரு மூடுன ஹாலுக்குள்ள கால் வைக்கல. அந்த ரெண்டு வருஷத்துல வீட்ல படம் பாக்கறது எங்களுக்கு சொகுசு இல்ல, அப்பாவுக்கு அன்னன்னைக்கு எதிர்பாக்க ஒரு விஷயம் அது மட்டும்தான் இருந்துச்சு. அவருக்கு காதும் கொஞ்சம் மந்தம், தியேட்டர்ல பாதி வசனம் புரியாம எங்க மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு. வீட்ல சப்டைட்டில் போட்டு, வேணும்னா நிறுத்தி, பின்னாடி போயி பாத்தாரு. ஒரு படம் முடிஞ்சதும் கதைய எனக்கே திருப்பி விளக்குனாரு, அந்த மாதிரி அவரு பேசி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா. அதனால வீட்ல பாத்தவங்கதான் தியேட்டர கொன்னாங்கன்னு யாராவது சொன்னா எனக்கு தாங்கல.

டெனெட் எடுத்துக்கோங்க, 2020 ஆகஸ்ட் கடைசில நிறைய நாட்டுல தியேட்டர்ல மட்டும்தான் விட்டாங்க, வீட்ல பாக்க வழியே இல்ல. 20 கோடி டாலர் செலவு பண்ண படம், உலகம் முழுக்க சுமார் 36 கோடிதான் வசூல், அந்த அளவு படத்துக்கு இது பத்தாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஓடிடி இல்லாமயே ஜனங்க வரல, காரணம் பயம். அப்புறம் தடுப்பூசி வந்து, 2021 டிசம்பர்ல ரிலீஸ் ஆன ஸ்பைடர்மேன் படம் மொத்தமா 190 கோடி டாலர் தாண்டுச்சு. ஜனங்களுக்கு தியேட்டர் மேல கோவம் எதுவும் இல்லன்னு இதுலயே தெரியுதுல்ல?

அரசாங்கம் செஞ்சிருக்கணும். அமெரிக்காவுல 2020 டிசம்பர்ல மூடிக் கெடந்த அரங்கங்களுக்குன்னே 1,500 கோடி டாலர் மானியம் ஒதுக்குனாங்க, அதுல தியேட்டருங்களும் உண்டு, ஷேர் மார்க்கெட்ல இருக்குற பெரிய கம்பெனிகளுக்கு அது கெடையாது. அப்படி ஒரு கை எல்லா இடத்துலயும் நீண்டிருந்தா அண்ணா மாதிரி ஆளுங்க வேலைய விட்டுருக்க மாட்டாங்க. அந்தப் பாரத்த வீட்ல உக்காந்திருந்த நோயாளி மேல ஏத்தாதீங்க.


பழையரீல் எழுதியது:

சுருக்கமா ரெண்டு விஷயம். 1918 ஃப்ளூ வந்தப்பவும் அமெரிக்காவுல ஊர் ஊரா தியேட்டர மூடுனாங்க, அக்டோபர்ல படக் கம்பெனிங்களே கொஞ்ச வாரம் புதுப் படம் விடறத நிறுத்துனாங்க. அப்போ வீட்ல பாக்க வழியே இல்ல, அதனால கதவு திறந்ததும் கூட்டம் திரும்பி வர்றத தவிர வேற பாதை கெடையாது. இந்த தடவ இன்னொரு பாதை ரெடியா இருந்துச்சு, வித்தியாசமே அதான்.

ரெண்டாவது, வீட்டுப் பக்கமும் நிலையான காசுன்னு நம்பாதீங்க. நெட்ஃபிளிக்ஸ் 2022 ஏப்ரல்ல 2 லட்சம் சந்தாதாரர் குறைஞ்சுட்டாங்கன்னு சொன்ன உடனே ஒரே நாள்ல ஷேர் 35 சதவீதம் விழுந்துச்சு. அடுத்த வருஷம் ஹாலிவுட்ல எழுத்தாளருங்க 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணதுக்கு ஒரு முக்கிய காரணம், ஓடிடில ஒரு படைப்ப எத்தனை பேரு பாத்தாலும் அதுக்கேத்த காசு வரல, எத்தனை பேரு பாத்தாங்கங்கற கணக்கே கைக்கு வரலங்கறதுதான். தியேட்டர்ல குறைஞ்சபட்சம் கிழிச்ச டிக்கெட்ட எண்ணலாம்.


திரைவெளிச்சம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜன்னலோரம் அக்கா, மன்னிச்சுக்கோங்க, வீட்ல பாக்குறது தப்பான்னு நான் கேட்ட விதமே சரி இல்ல. தம்பிக்கு மொத்தத்தையும் படிச்சுக் காட்டுனேன். தலைக்கு ஒரு டிக்கெட், வீட்டுக்கு ஒரு டிக்கெட்ங்கற இடத்துல அமைதியாயிட்டான், பேட்டரி விஷயம் வந்தப்போ மறுபடி படிக்கச் சொன்னான். அடுத்த படத்துக்கு ரெண்டு பேரும் தியேட்டருக்கே போறதா இருக்கோம். முதல் நாளே போனாத்தான் தியேட்டருக்கு உதவியா இருக்குமா?


ப்ரொஜக்டர்_ரூம் எழுதியது:

முதல் நாள் காசு படக் கம்பெனிக்குத்தான் ஜாஸ்தி போகும் தம்பி. நெறைய இடத்துல முதல் வாரம் அவங்க பங்கு அதிகம், வாரம் ஆக ஆக தியேட்டர் பங்கு ஏறும். பதினேழு நாள்ல படம் வீட்டுக்கு வந்துட்டா அந்த ஏறுற வாரமே எங்களுக்கு கெடைக்காது, இடைவெளிய பத்தி கணக்குப்புள்ள சொன்னது இதுதான். அதனால மூணாவது வாரம் போங்க, வார நடுவுல காலி ஷோவுக்கு போங்க, உள்ள போறப்போ கவுண்டர்ல ஏதாவது வாங்கிட்டுப் போங்க.