மதம் மாறாமல் கல்யாணம்: இந்து–கத்தோலிக்க ஜோடிக்கு எந்தச் சட்டம்?

கேள்வி – நொச்சிக்காடு
பையன் இந்து, நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே கிளம்பாதவர். பெண் கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர். மதம் மாற இருவருக்குமே மனமில்லை. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்தால் போதும் என்கிறார்கள் சிலர்; சுயமரியாதைத் திருமணம் போதும் என்கிறார்கள் சிலர். எது செல்லும்?

பதில் – பதிவேடு
இரண்டுமே செல்லாது. இந்து திருமணச் சட்டத்துக்கு இருவருமே இந்துவாக இருக்க வேண்டும் (பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம்). சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த 7ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள்தான் இருக்கிறது. புரோகிதர் வேண்டாம் என்றதே தவிர, மத வரம்பை அது தொடவில்லை. இந்துப் பெண்ணும் கத்தோலிக்க ஆணும் கோயிலில் தாலி கட்டி, முறையாகப் பதிவும் செய்த ஒரு கல்யாணத்தை உச்ச நீதிமன்றம் 2008-ல் செல்லாது என்றுவிட்டது.

உங்களுக்கானது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நோட்டீஸ் (கல்யாணம் செய்யப்போவதாகத் திருமண அலுவலருக்கு எழுதித் தருவது) கொடுக்கும் மாவட்டத்தில் ஒருவராவது அதற்கு முந்தைய 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அலுவலகப் பலகையில் 30 நாள் இருக்கும். கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு 3 சாட்சிகள் முன் இருவரும் வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டும். தாலி, மோதிரம் எல்லாம் உங்கள் இஷ்டம். உறுதிமொழி மட்டும் விடக்கூடாது.

பெரும்பாலும் இழுத்தடிப்பது இனிஷியல். ஆதாரில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் வேறொன்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டமென்றால் நோட்டீஸ் நகல் அந்த ஊர் அலுவலகப் பலகைக்கும் போகும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி – நொச்சிக்காடு
நன்றி. வீட்டார் ஆட்சேபணை மனு போட்டால்?

பதில் – பதிவேடு
யாரும் போடலாம். வயது, ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிருடன் இருப்பது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை (கல்யாணம் செய்யக் கூடாத நெருங்கிய உறவு), இவை மட்டுமே எடுபடும். பெற்றோர் சம்மதமின்மையோ சாதியோ மதமோ காரணமாகாது. அலுவலர் 30 நாளில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு.

பதில் – கடலோரக்காற்று
தேவாலயத்திலும் வழி உண்டு. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஆனால் கத்தோலிக்க முறைக்கு மறைமாவட்டத்தின் விலக்கு அனுமதி தேவை; முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். பையன் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்று தலையாட்டிவிட்டுத் தொட்டில் கட்டும்போது சண்டை பிடிப்பதைவிட, இப்போதே பேசி முடிப்பது நல்லது.

பதில் – வேப்பநிழல்
சொத்து விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்தால், அதோடு பையன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பங்கு பறிபோகும் என்று பயமுறுத்துவார்கள், போகாது. அவருக்குப் பிறகு அவர் சொத்து யாருக்கு என்பதுதான் மாறும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு 3-ல் 1 பங்கு, பிள்ளைகளுக்கு 3-ல் 2. பிள்ளை இருந்தால் பையனுடைய அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு அவருக்கும் பங்கு உண்டு. அம்மாவுக்குத் தர நினைத்தால் உயில் எழுத வேண்டும், 2 சாட்சி கையெழுத்துடன். பெண் ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் கல்யாணத்தோடு அது ரத்தாகிவிடும். புதிதாக எழுதச் சொல்லுங்கள்.