14 வயதுப் பையன், இரண்டு பேஸ்பால் டீம், ஒரே கை: பிட்ச் கணக்கை யார் வைப்பது?

ஃப்ரிஸ்கோ அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். பையனுக்கு 14 வயது, ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பு போகிறான். பள்ளி விடுமுறை விட்டதிலிருந்து வீட்டுக் காலண்டரில் பேஸ்பால் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவன் ஆடுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். பந்து எறிகிற மண்மேடான மவுண்டில் ஏறித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எப்படி எறிய வேண்டும் என்று பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து சைகை காட்டுகிற கேட்ச்சரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அந்த நேரத்தில் அவனை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

விஷயம் இதுதான். வார நாட்களில் உள்ளூர் லீக், வெள்ளி முதல் ஞாயிறு வரை வெளியூர் டோர்னமென்ட்டுகளுக்குப் போகிற டிராவல் டீம். டிராவல் டீமில் இவன் பந்து எறிகிற பிட்ச்சர், உள்ளூர் டீமில் கேட்ச்சர். ஆனால் ஆள் குறைந்தால் அங்கேயும் இவனைத்தான் மவுண்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போன சனிக்கிழமை டோர்னமென்ட்டில் 48 பிட்ச் போட்டான், அதாவது பேட்டருக்கு 48 தடவை எறிந்தான். திங்கள் மாலை உள்ளூர் மேட்ச்சில் கேட்ச்சிங் கியரைப் போட்டுக்கொண்டு முதல் மூன்று இன்னிங்ஸ் உட்கார்ந்து எழுந்தான், அப்புறம் "ரெண்டே இன்னிங்ஸ்" என்று கோச் பந்தைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு கோச்சுகள் மேலும் எனக்கு மரியாதை உண்டு, அவரவர் டீமின் கணக்கை ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இரண்டு மூன்று நாளாக ஒன்று கவனிக்கிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து பால் கேலனை எப்போதும் வலது கையால் எடுப்பவன் இப்போது இடது கையால் எடுக்கிறான். கேட்டால் "வலிக்கலப்பா, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்கிறான். இந்த வாரக் கடைசியிலும் டோர்னமென்ட் இருக்கிறது. ஜூலையில் ஜார்ஜியா லேக்பாயின்ட்டில் பெரிய டோர்னமென்ட், டீமுக்குப் பணம் கட்டி, அவர்கள் சொன்ன ஹோட்டலிலேயே ரூமும் போட்டாகிவிட்டது.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பந்து எறிகிற கை எவ்வளவு தாங்கும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இந்த விளையாட்டில் எனக்குப் பிடிபடவில்லை. கோச்சிடம் எப்படிப் பேசுவது? பேசினால் பையனை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேலூர்க்காரி:

சகோ, நான் பிசியோதெரபிஸ்ட், ஒஹையோவில் இருக்கிறேன், என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்த வயதுப் பிள்ளைகள். அந்தப் பால் கேலனைக் கவனித்தீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். 14 வயதுப் பையன் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டான், சொன்னால் ஆட விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். "டைட்டா இருக்கு" என்பதைப் பாதி ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே டைட் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழங்கையின் உட்பக்கம், அதாவது உள்ளங்கையை முன்பக்கம் திருப்பினால் உடம்பை ஒட்டி வருகிற எலும்பு முடிச்சு, அங்கே விரல் வைத்தால் வேண்டியது உடனே டாக்டர். இந்த வயதில் அந்த எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற இடத்துக் குருத்தெலும்பு, பல பையன்களுக்கு இன்னும் மூடியிருக்காது. தசைநாரைவிட அந்தக் குருத்தெலும்புதான் பலவீனமானது. ஒவ்வொரு வேகமான எறிதலும் முழங்கையின் உட்பக்கத்தைப் பிரித்து இழுப்பதால், பெரியவர்களுக்குத் தசைநார் கிழிகிற இடத்தில் சிறுவர்களுக்கு இந்தத் தட்டு வீங்கும், மோசமானால் விலகும். இதைத்தான் இங்கே லிட்டில் லீக் எல்போ என்கிறார்கள். தோளிலும் இதே மாதிரி வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில வாரம் எறியாமல் இருந்து, அப்புறம் மெதுவாக எறியத் தொடங்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால்தான் சீசனோடு போவது வருஷக்கணக்கில் இழுக்கும்.

குடும்ப டாக்டரை விட, குழந்தைகளுக்கான ஸ்போர்ட்ஸ் மெடிசின் அல்லது எலும்பு டாக்டராகப் பார்த்துப் போங்கள். வலி இருக்கிற கை, இல்லாத கை இரண்டுக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுப்பதுண்டு, ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பதற்காக. வலிமாத்திரை கொடுத்து மட்டும் ஆட அனுப்பாதீர்கள். மாத்திரை வலியை மறைத்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்று அவனுக்கே தெரியாமல் போகும். டாக்டர் பார்க்கிற வரைக்கும் பிட்ச்சிங்கும் வேண்டாம், கேட்ச்சிங்கும் வேண்டாம்.

ஜெர்சி சித்தப்பா:

அக்கா சொன்னதுதான் முதல் வேலை. கணக்கு விஷயத்துக்கு நான் வருகிறேன், என் அண்ணன் பையனுக்கு ரொம்ப நாளாக ஸ்கோர்புக் பிடிக்கிறவன் நான்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான எம்எல்பியும், இங்கே அமெச்சூர் ஆட்டத்தை நடத்துகிற அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் பிட்ச் ஸ்மார்ட் என்று வயதுவாரியாக ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். 13-14 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பிட்ச். 20 வரை போட்டால் ஓய்வு தேவையில்லை, 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66-க்கு மேல் போனால் நான்கு நாள். உங்கள் பையன் சனிக்கிழமை போட்டது 48. அப்படியென்றால் ஞாயிறும் திங்களும் ஓய்வு, செவ்வாய்தான் அடுத்து மவுண்டு ஏறலாம். திங்கள் மாலை அவன் பந்தைத் தொட்டிருக்கவே கூடாது. உள்ளூர் கோச் விதியை மீறினார் என்று நான் சொல்லவில்லை, சனிக்கிழமைக் கணக்கு அவர் கண்ணில் பட்டிருக்காது. டீம் மாறலாம், முழங்கை அதேதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஒரே மேட்ச்சில் கேட்ச்சர், பிட்ச்சர் இரண்டும் ஆனது. கேட்ச்சர் ஒவ்வொரு பிட்ச்சுக்கும் பந்தைத் திருப்பி எறிகிறான், நடுவில் ஸ்டீல் பண்ணுகிறவனை, அதாவது பிட்ச் நடக்கும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுகிறவனைப் பிடிக்க இரண்டாம் பேஸுக்கு முழு வேகத்தில் எறிகிறான். இதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் நான்கு இன்னிங்ஸ் கேட்ச் பண்ணியவன் அன்றைக்குப் பிட்ச் பண்ணக்கூடாது, 41 பிட்ச் போட்டவன் அன்றைக்கு மிச்ச நேரம் கேட்ச்சராக உட்காரக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். பிட்ச் ஸ்மார்ட்டோ ஒரே மேட்ச்சில் இரண்டையும் செய்யவே வேண்டாம் என்கிறது. வார்ம்அப்பில் போடுவது, மேட்ச்சுக்கு முன் பிட்ச்சர்கள் பயிற்சி எடுக்கிற புல்பென்னில் போடுவது, இவையும் எண்ணிக்கைக்கு வெளியேதான். அதனால் 48 என்று ஸ்கோர் ஆப்பில் பார்த்தால் கை அதைவிட நிறையவே உழைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு நீங்கள்தான் வைக்க வேண்டும், இரண்டு டீமுக்கும் பொதுவான ஆள் நீங்கள் ஒருவர்தானே. போனில் ஒரு நோட் போதும்: தேதி, எந்த டீம், எத்தனை பிட்ச், கேட்ச்சராக எத்தனை இன்னிங்ஸ், மறுபடி எப்போது போடலாம். மேட்ச் முடிந்த அன்றைக்கு ராத்திரியே இரண்டு கோச்சுக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்கள். "கோச், இன்று 48 பிட்ச் போட்டான், பிட்ச் ஸ்மார்ட் படி செவ்வாய்க்கு முன்னால் பிட்ச் பண்ணமாட்டான், கேட்ச்சர் தவிர மற்ற பொசிஷனில் தாராளமாக ஆடுவான்." அவ்வளவுதான். இதில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாக்அவுட் மேட்ச்சில் தோற்கிற நிலைமையில் டக்அவுட் பின்னால் போய் நின்று பேசினால்தான் சண்டையாகும், சீசன் நடுவே நிதானமான ஒரு ராத்திரியில் சொன்னால் பெரும்பாலான கோச்சுகள் நன்றி சொல்வார்கள். பையன் கையே அதற்கு விலை என்றால் அந்த டீம் உங்களுக்கு வேண்டாம்.

கேரி கோயமுத்தூரான்:

மேலே இரண்டு பேர் சொன்னதோடும் ஒத்துப்போகிறேன். ஜூலை டோர்னமென்ட் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். என் மூத்தவன் இப்போது கல்லூரியில் டிவிஷன் 3, அதாவது கல்லூரி ஆட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறான்.

பணம் கட்டியாகிவிட்டது என்பதை முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். டிராவல் டீம் அப்பாக்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் "இந்த டோர்னமென்ட்டை விட்டால் காலேஜ் கோச் கண்ணில் படாமல் போய்விடுவான்" என்கிற பேச்சு ஓடும். கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ, அதன் மேல்பிரிவான டிவிஷன் 1 பேஸ்பாலில் 2023-ல் விதியை மாற்றினார்கள், பதினொன்றாம் வகுப்பு தொடங்குகிற ஆகஸ்ட் 1-க்கு முன்னால் டீமில் எடுப்பது பற்றி கோச் பையனோடு பேசவே முடியாது. உங்கள் பையன் இன்னும் ஒன்பதாம் வகுப்பே போகவில்லை. உயர்நிலைப் பள்ளியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான் ஏதாவது ஒரு என்சிஏஏ டீமுக்குப் போகிறார்கள், அதில் டிவிஷன் 1 இன்னும் குறைவு. இதைச் சொல்வது ஆசையைக் கெடுக்க இல்லை. 17 வயதில் அவனுக்குத் தேவைப்படப்போகிற கையை 14 வயதில் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்காகச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: "டாமி ஜான் ஆபரேஷன் செய்துகொண்டால் வேகம் கூடும்." தயவுசெய்து நம்பாதீர்கள். 1974-ல் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் மற்றக் கையிலிருந்து தசைநாண் எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார், அவர் 1975 முழுக்க ஆடாமல் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். அது பெரிய சாதனை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஸ்கூல் பையனுக்கு இது சாதாரண விஷயம் என்று நினைப்பது தவறு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை.

கிரிக்கெட்காரர் என்றீர்கள். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகு போகிற மாதிரித்தான் இதுவும், 2019-ல் பும்ராவுக்குக் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வந்தது நினைவிருக்கும். அங்கே கையை மடக்கி நீட்டி எறிய விதி விடாது, அதனால் சுமை முதுகுக்குப் போகிறது. இங்கே எறிதலே ஆட்டம், அதனால் முழங்கையும் தோளும். இரண்டிலும் காரணம் ஒன்றுதான், சுமை தாங்குகிற இடத்துக்குப் போதிய ஓய்வு கிடைக்காதது. வருஷத்தில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று பிட்ச் ஸ்மார்ட்டே சொல்கிறது. டெக்சஸில் வருஷம் முழுக்க ஆடலாம் என்பதால் அங்கே இது இன்னும் கஷ்டம். இலையுதிர் சீசனை விட்டுவிட்டு பாஸ்கெட்பாலோ நீச்சலோ போகட்டும்.

டாக்டர் சரி என்றால் ஜார்ஜியா போங்கள், இல்லையென்றாலும் போகலாம், டீமோடு டக்அவுட்டில் இருந்து ஸ்கோர்புக் எழுதட்டும், ஆட்டம் நிறையப் புரியும். வெயில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், செயற்கைப் புல் மைதானத்தில் தரைச் சூடு காற்றைவிட ரொம்ப அதிகம். நாங்கள் கூலரில் மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொண்டுபோவோம், டீமில் பாதிப்பேர் அதற்கு வரிசையில் நின்றார்கள்.

ஃப்ரிஸ்கோ அப்பா:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வேலூர்க்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே தொட்டுக் காட்டச் சொன்னேன், முழங்கையின் உட்பக்கம்தான். வியாழக்கிழமை ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டு கோச்சுக்கும் மெசேஜ் போட்டேன், டிராவல் கோச் பத்து நிமிஷத்தில் போன் பண்ணி "உள்ளூர் டீமுக்கும் போடுகிறான் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றார், இனி தானே என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றும் சொன்னார். உள்ளூர் கோச்சிடமிருந்து இன்னும் பதில் இல்லை. பையன் முகம் தொங்கிப் போயிருக்கிறது, அவன் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சின்னக் கேள்வி. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் பேட்டிங் பயிற்சிக்கு விடலாமா? வலை கட்டிய பேட்டிங் கேஜில் நேரம் புக் பண்ணி வைத்திருக்கிறான்.

வேலூர்க்காரி:

வியாழன் வரைக்கும்தானே, அதையும் நிறுத்தி வையுங்கள். எக்ஸ்ரே பார்த்த பிறகு பேட்டிங்குக்கு டாக்டர் சீக்கிரமே அனுமதி கொடுக்கலாம், எறிவதற்கு முன்னால் அடிக்க விடுவது வழக்கம்தான். பிட்ச் கணக்கு நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், எந்தெந்த நாளில் எவ்வளவு என்று தேதியோடு இருந்தால் அவருக்கு ரொம்ப உதவும். பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள்.