நானும் என் நண்பனும் பார்த்தது ஒரே மெய்யழகன்தானா?

நீடாமங்கலத்தான் கேட்டது:

ஒரு பஞ்சாயத்து. நேரமிருப்பவர்கள் தீர்த்து வையுங்கள்.

என் நண்பன் ஒருவன் தஞ்சாவூரில் இருக்கிறான், நான் சென்னையில். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படம் பார்த்தவர்கள். இப்போது அவன் அங்கே பார்ப்பான், நான் இங்கே பார்ப்பேன், ராத்திரி போனில் அடித்துக்கொள்வோம். மெய்யழகனை வந்த அன்றே, அதாவது 2024 செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை, மாலைக் காட்சிக்குப் போய்விட்டான். பத்தரை மணிக்கு போன். “டேய், பேசுறானுங்க, பேசுறானுங்க, பேசிக்கிட்டே இருக்கானுங்க. நடுவுல எழுந்து போயி பாப்கார்ன் வாங்கிட்டு வந்தேன், அப்பவும் முடியல. நம்ம ஊரு பேர வச்சா மட்டும் படமாயிடுமா?”

நான் அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். எனக்கு எங்கேயும் இழுக்கவில்லை. 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பிய அரவிந்த்சாமி, தங்கச்சி முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்கு 22 வருஷம் கழித்து வருகிறார். கல்யாண மண்டபத்தில் ‘அத்தான் அத்தான்’ என்று ஒட்டிக்கொள்ளும் கார்த்தி யாரென்றே அவருக்கு நினைவில்லை. பேரைக் கேட்கவும் கூச்சம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எனக்கு இது வருஷத்துக்கு நாலு தடவை நடக்கிறது. அப்புறம் அரவிந்த்சாமி ஊரில் விட்டுப்போன பழைய சைக்கிள்தான் கார்த்தி குடும்பத்தைத் தூக்கிவிட்டது என்று தெரியவரும் இடம். நான் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் என் மனைவி கைக்குட்டை கொடுத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தாள்.

இதற்கு முந்தைய வாரம் வந்த லப்பர் பந்தில் எங்களுக்குச் சண்டையே இல்லை. அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கியதும் விஜயகாந்த் பாட்டைப் போடுவார்களே, அந்த இடத்தில் இரண்டு ஊர்களிலும் ஒரே விசில்தான். மெய்யழகனில்தான் வினை.

இனி பஞ்சாயத்து. நேற்று அவன் சொல்கிறான்: “படமே இழுவைதான். ஆனா கார்த்தி தூத்துக்குடி பத்திப் பேசி உடைஞ்சு போற இடம் இருக்கே, அது ஒண்ணு போதும்.” நான் பார்த்த படத்தில் அப்படி ஒரு இடம் கிடையாது. “நீ தூங்கிக் கனவு கண்டிருப்ப”ன்னேன். “உனக்குக் கண்ணீர் மறைச்சிருக்கும்”னான். ஒரு பிரியாணி பந்தயம் வைத்திருக்கிறோம். அந்தக் காட்சி படத்தில் உண்டா, இல்லையா?

பழைய ஆபரேட்டர்:

இரண்டு பேரும் சரி தம்பி. முதலில் வந்தபோது 177 நிமிடம். மூன்று நாளில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். உங்கள் நண்பர் பார்த்தது முழுசு, நீங்கள் பார்த்தது குறைத்தது. தூத்துக்குடிப் பேச்சு, ஜல்லிக்கட்டு மாடு, இதெல்லாம் வெட்டில் போனவை.

நான் இருபது வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். 35 எம்.எம். பிலிமில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18 நிமிடம் என்றால் 1,620 அடி. ஒரு பெரிய ரீலே 2,000 அடிதான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இப்படித் தகவல் வந்தால் நாங்களே கேபினில் உட்கார்ந்து கத்தரித்து ஒட்டுவோம். தகவல் வராமலும் செய்ததுண்டு, இப்போது சொல்லி என்ன. ஒரே வாரத்தில் மன்னார்குடியில் ஒரு நீளம், திருவாரூரில் ஒரு நீளம் ஓடும். இப்போது சர்வரில் புதுப் பதிப்பை ஏற்றி, அதைத் திறக்க ஒரு கீயும் (டிஜிட்டல் சாவி) அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் ஒட்டிய இடத்தில் ஒரு ‘டப்’ சத்தம் கேட்கும், தெரிந்துவிடும். இப்போது வெட்டினது தெரியாது. அதனால்தான் உங்களுக்குள் சண்டை.

தியேட்டர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 177 நிமிடத்தோடு இடைவேளை, விளம்பரம், கூட்டிப் பெருக்குவது எல்லாம் சேர்ந்தால் ஒரு காட்சிக்கு மூன்றரை மணி ஆகும். பதினோரு மணிக்கு ஆரம்பித்து நான்கு காட்சி ஓட்டினால் கடைசிக் காட்சி விட ராத்திரி ஒரு மணி தாண்டிவிடும். சின்ன ஊரில் அந்நேரத்துக்குப் பஸ் ஏது? ஆள் வராது.

மதுரைக்காரி:

இழுவை என்ற பேச்சு வந்ததால் நானும். ஆகஸ்ட் 23 அன்று வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில் வந்தன. நானும் என் தோழியும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்த்தோம். வாழைக்கு அவள் அழுதாள். கொட்டுக்காளிக்கு நெளிந்துகொண்டே இருந்தாள்.

அதில் பின்னணி இசையே கிடையாது அண்ணா. ஆட்டோ சத்தம், காற்று, காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று, தொண்டை கட்டிப்போன சூரியின் குரல், இவ்வளவுதான். கதாநாயகி அன்னா பென் வாயே திறப்பதில்லை. நினைவு சரியென்றால் மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு வசனம். வழியில் ஒரு காளை நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. இத்தனை ஆம்பிளைகள் ஆட்டோவிலும் வண்டியிலும் உட்கார்ந்து முழிக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். நான் கை தட்டிவிட்டேன், தியேட்டரில் நான் ஒருத்திதான். படம் முடிந்து விளக்கு போட்டதும் பின்சீட்டுக்காரர் “இன்டர்வெல்லா?” என்றார்.

இரண்டு மணி நேரம்கூட ஓடாத படம் அது. அதையே என் தோழி இழுவை என்கிறாள். வெட்டினால் எதை வெட்டுவது, காளையையா?

கடைசி பெஞ்சு:

பஞ்சாயத்தில் வந்த அந்த தஞ்சாவூர் நண்பன் நான்தான். லிங்க்கை எனக்கே அனுப்பி ‘பார், தோற்றாய்’ என்கிறான். படித்தானா, அனுப்பினானா தெரியவில்லை.

ஆபரேட்டர் ஐயா, நன்றி. ஆனால் எனக்கு இப்போது வேறு கோபம். படம் நீளம் என்று சொன்னவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. குறைக்கத்தான் வேண்டும் என்றால் என்னைக் கேட்டிருந்தால் முதல் பாதியில் இருபது நிமிடத்துக்கு இடம் காட்டியிருப்பேன். அரவிந்த்சாமி மேடையேறித் தங்கச்சிக்கு ஒவ்வொரு நகையாகப் போட்டுவிடும் இடத்தை மட்டும் தொடக் கூடாது. அங்கே எங்கள் தியேட்டரில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

1996லிருந்து 22 வருஷம் என்றால் 2018. மே 22 அன்று தூத்துக்குடியில் சுட்டார்களே, அந்த வருஷம். அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியிலோ திண்ணையிலோ உட்கார்ந்த எந்த இரண்டு பேரும் அதைப் பேசாமல் தூங்கியிருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனில் மூன்று நாள் அதையே பேசினோம், அவன் மறந்திருப்பான். கார்த்தி பாத்திரம் சும்மா ‘அத்தான்’ என்று கொஞ்சுகிற வெள்ளந்தி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் ஒரு ஆளாகத் தெரிந்தான். அதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் உங்களுக்கெல்லாம் அவன் கடைசிவரை வெள்ளந்திதான்.

ஆக இழுவையென்று வைதவன் நல்ல சரக்கைப் பார்த்துவிட்டேன், உருகி உருகி அழுதவன் பார்க்கவில்லை. பிரியாணி எனக்கு.

இன்னொன்று. அவன் சைக்கிள் காட்சிக்கு அழுதது படத்துக்காக இல்லை. 1998இல் காலேஜில் சேரப் போகும்போது என் சைக்கிளை வாங்கிக்கொண்டு நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனான். ‘ஸ்டாண்டில் விட்டுவிட்டேன், டோக்கனைக் கொடுத்தனுப்புகிறேன்’ என்றான். டோக்கனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை.

நீடாமங்கலத்தான்:

முழுக்கப் படித்துவிட்டேன். தோற்றேன், பிரியாணி உனக்கு. தீபாவளிக்கு வரும்போது வாங்கித் தருகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்திருந்தால் நேரத்துக்கு வருவேன்.

மதுரைத் தங்கச்சிக்கு: கொட்டுக்காளியைத் தவற விட்டேன். எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள், இவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இசை இல்லாத படத்தில் இவன் பாப்கார்ன் தின்பது எல்லாருக்கும் கேட்கும்.

மாப்ளே, சைக்கிளைப் பற்றி ஊரறிய எழுதியிருக்க வேண்டாம். டோக்கனை நான் தொலைக்கவில்லை. அன்றைக்குக் கேட் போட்டிருந்தது, ரயில் கிளம்பப் போகிற அவசரத்தில் சட்டைப் பையிலேயே கொண்டுபோய்விட்டேன். தபாலில் அனுப்ப நினைத்து நினைத்து வெட்கமாகிவிட்டது. தகர டோக்கன். ட்ரங்குப் பெட்டியில் சர்டிபிகேட்டுகளோடு இருக்கிறது. 41ஆம் நம்பர்.