கொடிச் சேகரிப்பு: பருத்தியின் மதிப்பு நைலானுக்கு வருமா?

எடிசன்வாசி:
சென்ற வாரம் பழம்பொருள் சந்தையில் 48 நட்சத்திர அமெரிக்கக் கொடி (மாநிலத்துக்கு ஒன்று; இன்று 50) ஒன்று வாங்கினேன். மூன்றடிக்கு ஐந்தடி, கனமான பருத்தி. ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு நட்சத்திரம். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டி, இருபுறமும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கம்பத்தில் கட்டும் பக்கத்தில் கித்தான் பட்டை. அதிலுள்ள பித்தளை வளையங்கள் பச்சை பூத்திருக்கின்றன. இன்றைய நைலான் கொடியைத் தொட்டால் எனக்கு மழைக்கோட்டு நினைவுதான் வருகிறது. சேகரிக்கவும் வீட்டில் மாட்டி வைக்கவும் பருத்தியும் கம்பளியும்தான் தகுதியானவை என்பது என் உறுதியான கருத்து. கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டப் போகிறேன்.

கொடிமரம்:
முற்றிலும் மறுக்கிறேன், நண்பரே. கொடி தைக்கப்படுவது பறப்பதற்காக. என் வீட்டு முன்புறம் 20 அடிக் கம்பம் இருக்கிறது. முதலில் நானும் ஆசையாகப் பருத்திக் கொடிதான் ஏற்றினேன். ஒரே மழையில் நனைந்து, ஈரப் போர்வைபோலக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. காய்வதற்கு மறுநாள் மாலை ஆனது. சிவப்புச் சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டது. நைலான் அப்படியல்ல: இளங்காற்றுக்கே விரியும், மழை விட்ட சிறிது நேரத்தில் உலர்ந்துவிடும். காற்று ஓயாமல் அடிக்கும் ஊரென்றால் இருபுரி நூலில் நெய்த பாலியஸ்டர். கனமானது, மெல்லிய காற்றுக்கு அசையாது. ஆனால் கிழிசலைத் தாங்கும்.

தரத்தை இழையின் பெயரை வைத்து மட்டும் அளக்காதீர்கள். கம்பத்துக்கு எதிர்ப்புறமுள்ள பறக்கும் முனையைப் புரட்டிப் பாருங்கள். கிழிசல் தொடங்குவது அங்கேதான். அங்கே நான்கு வரிசைத் தையல் ஓடியிருக்கிறதா, மூலையில் திரும்பவும் அடித்திருக்கிறார்களா? 13 பட்டைகளும் தனித்தனியாக வெட்டி இணைத்தவையா, ஒரே துணியில் அச்சிட்டவையா? அச்சிட்ட மலிவுக் கொடியை நானும் வாங்கமாட்டேன். ஆனால் நன்றாகத் தைத்த நைலானை ஏன் ஒதுக்க வேண்டும்? 1969இல் நிலவில் நட்டதே நைலான் கொடிதானே!

எடிசன்வாசி:
நிலவை விடுங்கள், வாஷிங்டனுக்கு வாருங்கள். 1813இல் பால்டிமோரில் மேரி பிக்கர்ஸ்கில் தைத்த கொடி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பளித் துணி, பருத்தி நட்சத்திரங்கள், 30 அடிக்கு 42 அடி. அமெரிக்க தேசிய கீதத்துக்குக் காரணமான கொடி அது. 200 ஆண்டு தாண்டியும் நிற்கிறது. நைலான் அப்படி நிற்குமா?

நூலிழை:
பழந்துணிகளைப் பேணும் வேலையில் இருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அண்ணா, அந்தக் கொடியைச் சான்றாகக் காட்டும்போது அதன் இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். நினைவுப்பொருளாகத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்ததில் 42 அடி நீளம் 34 அடியாகக் குறைந்துவிட்டது. 1914இல் அதைத் தாங்கிப் பிடிக்க லினன் துணியை ஏறத்தாழ 17 லட்சம் தையல் போட்டுப் பின்னால் இணைத்தார்கள். பிறகு அத்தனையையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இன்று அது தொங்கவில்லை; மங்கலான ஒளியில், சாய்வான மேடையில் படுத்திருக்கிறது. தன் எடையைத் தானே தாங்கும் வலு அதற்கு இல்லை.

பருத்தி நல்லது, நைலான் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். வெயில் இரண்டையும் தின்னும். கம்பளியைப் பூச்சி அரிக்கும். எல்லாவற்றிலும் மோசம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டுக் கொடிகள். எடை கூட்ட உலோக உப்பில் தோய்த்த பட்டு அது. பீரோவில் மடித்தபடியே கிடந்த பழைய பட்டுப்புடவை மடிப்பு வழியாகவே இற்றுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். இவை அதைவிட வேகமாக நொறுங்கும்.

ஆகவே, ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஆணியும் அடிக்காதீர்கள்.

இன்னொன்று. 48 நட்சத்திரம் 1912 முதல் 1959 வரை 47 ஆண்டுகள் நடப்பில் இருந்தது. அதனால் அந்தக் கொடிகள் நிறையவே கிடைக்கின்றன. பழசாகக் காட்டத் தேயிலை நீரில் தோய்த்து விற்பவர்களும் உண்டு. தையலின் மடிப்பைச் சற்று விலக்கிப் பாருங்கள். வெளியே வெளுத்து உள்ளே நிறம் அழுத்தமாக இருந்தால் அது இயல்பான வெளுப்பு. உள்ளும் புறமும் ஒரே பழுப்பென்றால் சந்தேகப்படுங்கள்.

எடிசன்வாசி:
நேற்றிரவு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன், அம்மா. கித்தான் பட்டையின் ஓரத்தில் ஒரு தையல் முன்பே விட்டுப்போயிருந்தது. அதற்குள் சிவப்பு மாதுளை முத்துபோல் இருக்கிறது. வெளியே செங்கல் நிறம். சுவரில் மாட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். அட்டைக் குழாயில் சுருட்டி வைக்கிறேன். நவம்பர் 11, முன்னாள் படைவீரர் தினத்தன்று மட்டும் மேசையில் விரிப்பேன். நைலான் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

கொடிமரம்:
எனக்கும் மாற்றமில்லை. ஆனால் நூலிழை சொன்னதைப் படித்தபின் ஒன்று செய்தேன். நான் முதலில் ஏற்றிய நைலான் கொடி கிழிந்ததும், அமெரிக்க மரபுப்படி மரியாதையோடு எரிப்பதற்காக எடுத்து வைத்திருந்தேன். அதன் பறக்கும் முனை நான்கு விரற்கடை தேய்ந்திருக்கிறது. நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எரிக்கப் போவதில்லை. பழந்துணியைச் சுற்றிப் பேண உதவும் அமிலமற்ற தாள் எத்தனை அகலத்தில் கிடைக்கும், அம்மா?