கேமில் கதை எதற்கு? நான் ஸ்கிப் அடிக்கிற ஆள்

ஸ்கிப்_பட்டன்:
கேம் என்றால் எனக்குக் கைவேகம்தான். கட்சீன் (ஆட்டத்தை நிறுத்திக் கதை சொல்லும் காட்சி) வந்தால் விரல் தானாக ஸ்கிப்புக்குப் போய்விடும். விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் 1984-இல் வந்தது. அதில் எந்தக் கட்டைக்கும் சோகமான பால்யம் கிடையாது, இன்னும் ஆடுகிறார்கள். அப்புறம் ஏன் ‘ஆழமான கதை, தத்துவம்’ என்று இவ்வளவு கொண்டாட்டம்? கதை வேண்டுமென்றால் நாவல் படிக்கலாமே. சண்டைக்கு இல்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

இரவாட்டம்:
ஸ்கிப் அடிப்பதில் தப்பே இல்லை நண்பரே, பாதி கட்சீன்கள் அதற்குத்தான் லாயக்கு. ஆனால் கதை கட்சீனில் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) ஆடிப் பாருங்கள். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் வேலை. சரியாகப் பார்த்த ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. அதற்குள் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து எல்லாம். ஒருநாள் ஒருவர் வந்தார். காகிதம் எல்லாம் சரி, முத்திரை குத்தினேன். அடுத்து தன் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை.

விட்டால் என் மேல் தவறு பதிவாகும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கையோடு போகும், மூன்றாவதுக்கு அபராதம். அன்று அவசரத்தில் ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை. சிவப்பு முத்திரையை இழுத்துக் குத்தினேன்.

இப்படி ஓர் அதிகாரியை நாவலில் படித்திருந்தால் ‘படுபாவி’ என்று திட்டியிருப்பேன். இங்கே யாரைத் திட்ட? குத்தியது என் கை. அதுவும் எதற்காக, 5 கிரெடிட்டுக்காக.

பழைய_ஜாய்ஸ்டிக்:
ஸ்கிப் சொல்வதிலும் நியாயம் உண்டு. கட்சீனில் ஹீரோ ஒரே ஒரு சாவுக்கு அழுவான். அது முடிந்த கையோடு நான் நாற்பது பேரைச் சுட்டுத் தள்ளுவேன். 2007-இல் ‘பயோஷாக்’ என்ற கேம் பற்றி எழுதும்போது கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் இந்த மாதிரி முரணுக்கு ‘லூடோநெரேட்டிவ் டிஸொனன்ஸ்’ என்று ஒரு பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர், ஆனால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். கதை ஒன்று சொல்ல, கை வேறு செய்தால், டெட்ரிஸே மேல்.

ஆழ்கடல்:
கையும் கதையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘சோமா’ (2015) என்ற கேம். கதையைக் கெடுக்கப் போகிறேன், ஆடாதவர்கள் தாண்டிவிடுங்கள்.

கடலின் ஆழத்துக்குப் போக வேறு உடல் தேவை என்று உங்கள் மனதை நகலெடுக்கிறார்கள். புது உடலில் கண் விழிக்கிறீர்கள். பழைய ‘நீங்கள்’ நாற்காலியில் இன்னும் உயிரோடு, மயக்கத்தில். அவன் மின்சக்தியை நிறுத்திவிடலாம், அல்லது அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். இரண்டு நிமிடம் முன்னால்வரை அவனைத்தானே ஆட்டிக்கொண்டிருந்தேன்? ‘நான் யார்’ என்று யாராவது பாடம் நடத்தியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பேன். அங்கே ரொம்ப நேரம் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கிப்_பட்டன்:
நேற்று இரவு பேப்பர்ஸ் ஆடினேன். பழக்கதோஷம், வசனம் எதையும் படிக்கவில்லை, காகிதத்தை மட்டும் பார்த்துக் குத்திக்கொண்டே போனேன். நல்ல வருமானம். இப்போது இங்கே படித்த பிறகுதான் உறைக்கிறது, அந்த மனைவியும் என் வரிசையில் வந்திருப்பாள். எப்போது திருப்பி அனுப்பினேன் என்றே தெரியவில்லை.

பழைய நாளிலிருந்து தொடரலாம் என்று இருக்கிறது. அங்கிருந்து மறுபடி ஆடுகிறேன்.