புதுப்பிப்பு: மியூனிக்கிலிருந்து மதுரை திரும்பிய எரிச்சலுக்கு டவுன் பஸ் வைத்தியம்

ஒன்பது வருடம் மியூனிக்கில் இருந்துவிட்டு மதுரைக்கு வந்தால் ஹாரன் சத்தமும் கூட்டமும் தாங்கவில்லை, திரும்பிப் போய்விடலாமா என்று மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ஒரு மாதம் காரைத் தொடாதீங்க, டவுன் பஸ்ஸில் போங்க" என்ற யோசனைதான். முதல் வாரம் வெறும் கசகசப்பு. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதே தெரியாமல் பத்து ரூபாயை நீட்டினேன், கண்டக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் ஒருநாள், பக்கத்து சீட் அக்கா தெப்பக்குளம் வருவதற்குள் என் கல்யாணம், சம்பளம் எல்லாம் விசாரித்து முடித்து, இரண்டு முழம் மல்லிகையை மடியில் வைத்துவிட்டு இறங்கினார். மியூனிக் டிராமில் தினமும் பார்த்த முகம் ஒன்றுகூட என்னிடம் பேசியதில்லை.

"யூரோவில் கணக்குப் போடாதீங்க" என்றது எனக்கு ஒத்துவரவில்லை. மனசு தானாகப் பெருக்குகிறது.

எதிர்பாராதது: கடையெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஜெர்மனி ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்குகிறேன், அங்கே அதைத் திட்டாத வாரம் இல்லை! அந்த அமைதிக்காக இப்போது விடிகாலை ஐந்தரைக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன், ஓரளவு சரியாகிறது. ஹாரன் இன்னும் எரிச்சல்தான். ஆனால் மியூனிக் திரும்ப டிக்கெட் போடவில்லை.